இரவுச் சாப்பாட்டை யார் சமைப்பது?

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். நாங்கள் திருகோணமலையில் ஊடகக் கற்கை படிக்கும் நான்கு மாணவர்கள். கடைச் சாப்பாடு எங்கள் வீடுகளுக்குள் எப்படி இவ்வளவு தூரம் வந்தது என்று ஒரு ஆவணப்படம் எடுத்துக்கொண்டிருக்கிறோம். இரண்டு மாதமாக அலைந்ததில் மனதில் கிடப்பதை எழுதினால் உங்கள் வாசகர்களிடமிருந்தும் ஏதாவது வரும் என்று நம்பி எழுதுகிறேன்.

தொடங்கும்போது எங்களிடம் இருந்த கதை வேறு. பீட்சா, பர்கர், வெளிநாட்டுக் கம்பனி, கெட்டுப்போகும் இளைஞர்கள், இப்படி. கேமராவுக்கு முன்னால் வந்த பெரியவர்களும் அதைத்தான் சொன்னார்கள், இந்தக் காலத்துப் பிள்ளைகளுக்கு வீட்டுச் சாப்பாடு இறங்குதில்லை என்று. சரி, நேற்று இரவு உங்கள் வீட்டில் என்ன சாப்பாடு என்று கேட்டால் கொத்து ரொட்டி, ஃப்ரைட் ரைஸ், இடியப்பப் பார்சல் என்று பதில் வந்தது, வாங்கி வந்ததும் பெரும்பாலும் அவர்களேதான். பர்கர் கதையை அன்றைக்கே விட்டுவிட்டோம்.

பிறகு கேமராவை மாலை ஆறு மணிக்கு டியூசன் விடும் இடங்களில் வைத்தோம். காலை 7.30க்குப் பாடசாலை, 1.30க்கு விட்டால் வீட்டுக்கு ஓடிப்போய் இரண்டு வாய் சோறு, அப்புறம் ஒரு வகுப்பு, அது முடிய இன்னொரு வகுப்பு. உயர்தரம் படிக்கும் ஒரு தங்கச்சி சைக்கிளில் ஒரு காலை ஊன்றி நின்றபடியே ரோல்ஸ் சாப்பிட்டாள், அடுத்த வகுப்புக்குப் பத்து நிமிடம்தான் இருக்கு அண்ணா என்று எங்கள் கேமராக்காரனிடம் சொன்னாள். அவளிடம் போய் உணவுப் பழக்கம் என்று எதைக் கேட்பது? மூதூருக்குப் போய்ப் படிப்பித்துவிட்டு வரும் ஒரு ஆசிரியை தன் வீட்டுக் குசினியையே காட்டினார். இடியப்பம் அவித்து, தேங்காய் துருவி, சொதி வைத்து, சம்பல் இடிக்க ஒன்றரை மணித்தியாலம் வேண்டும், பிள்ளை ஏழரைக்கு வருகிறான், எட்டரைக்குப் படிக்க இருக்க வேண்டும் என்றார். 2022இல் காஸ் கிடைக்காமல் அலைந்த நாட்களில், விறகில் சமைத்த ஒரு கடையில் வாங்கப் பழகியதாம் அவர் வீடு, காஸ் திரும்பி வந்தும் பழக்கம் போகவில்லை. இவரைச் சோம்பேறி என்று சொல்கிறவர்கள் அந்தக் குசினியில் ஒரு நாள் நின்று பார்க்க வேண்டும்.

அதற்காகக் கடைச் சாப்பாட்டில் ஒன்றுமில்லை என்று நான் சொல்லவில்லை. உலக சுகாதார நிறுவனம் ஒரு நாளைக்கு 5 கிராமுக்குக் குறைவாக உப்பு என்கிறது, அது ஒரு தேக்கரண்டி. சோடாப் போத்தலில் 2016இலிருந்து சீனிக்கு நிற அடையாளம் இருக்கிறது, 100 மில்லிலீற்றருக்கு 11 கிராமைத் தாண்டினால் சிவப்பு. அந்தப் போத்தலோடு சேர்த்து வாங்கும் கொத்தில் எவ்வளவு உப்பு, எவ்வளவு எண்ணெய் என்று எங்கும் இல்லை, கொத்துப் போடும் கல்லில் நிற்கும் அண்ணனைக் கேட்டால் கைக்கணக்கு என்கிறார். இன்னொன்று, சுடச்சுடக் கறியை ஊற்றிச் சுற்றும் லஞ்ச் சீற் என்ற மெல்லிய தாள். 2017 செப்டெம்பரிலேயே பொலித்தீன் லஞ்ச் சீற்றுக்குத் தடை வந்தது. ஆனால் நாங்கள் விடிய ஆறு மணிக்கு, மான்கள் திரியும் எங்கள் ஊர் ஃப்ரெட்ரிக் கோட்டைப் பக்கம் படம் எடுக்கப் போனபோது, ஒரு புள்ளிமான் குழம்பு ஒட்டிய லஞ்ச் சீற்றை மென்றுகொண்டு நின்றது. விரட்டியும் விடவில்லை. அந்தக் காட்சியைப் பார்த்த பிறகு எங்களில் ஒருத்தி பார்சல் வாங்க வீட்டிலிருந்து சாப்பாட்டுப் பெட்டி கொண்டுபோகத் தொடங்கியிருக்கிறாள். கடைக்காரர் முதல் நாள் ஒரு மாதிரிப் பார்த்தாராம், இப்போது ஒரு கரண்டி கறி கூடவே வைக்கிறாராம்.

டியூசன் ஆசிரியர்களிடம் ஒரு கோரிக்கை. தயவுசெய்து மாலை ஆறரைக்குள் வகுப்பை முடியுங்கள், முடியாவிட்டால் இரண்டு வகுப்புக்கு நடுவில் முக்கால் மணித்தியாலமாவது விடுங்கள். உப்புவெளியிலிருந்தும் சாம்பல்தீவிலிருந்தும் வருகிற பிள்ளைகள் அந்த இடைவெளியில் வீட்டுக்குப் போய்வர முடியாதுதான், ஆனால் வீட்டிலிருந்து கட்டிக்கொண்டு வந்ததை இருந்து சாப்பிடலாம்.

கடைக்காரர்களுக்கும் ஒன்று: நாங்கள் பி.எச்.ஐ. (பொதுச் சுகாதாரப் பரிசோதகர்) அனுப்பிய ஆட்கள் இல்லை. கேமராவைக் கண்டதும் பாதிக் கடைகளில் அடுப்பங்கரைக் கதவைச் சாத்திவிட்டார்கள். உங்கள் வேலையின் கஷ்டமும் படத்தில் வர வேண்டும், இரவு பன்னிரண்டு வரை அந்தக் கல்லின் சூட்டில் நிற்கிறவர்களை விட்டுவிட்டு இந்தப் படத்தை முடிக்க எங்களுக்கு மனமில்லை.

வாழையிலையிலும் தாமரை இலையிலும் சோறு கட்டிக் கொடுத்த காலம் நினைவிருக்கும் அம்மம்மாமார், அப்பப்பாமார் யாராவது இருந்தால் இந்தப் பத்திரிகைக்கு ஒரு வரி எழுதுங்கள். அந்தப் பொதியை எப்படிக் கட்டினீர்கள் என்று கையால் செய்து காட்டினால் போதும், நாங்களே இலையோடு வீட்டுக்கு வருகிறோம்.

இப்படிக்கு,
ஊடகக் கற்கை மாணவி ஒருத்தி,
உவர்மலை, திருகோணமலை.