எந்தப் பைத்தானில் படித்தீர்கள் என்று சொல்லுங்கள்

பைத்தான் லின்டர்களை (நிரலை ஓட்டாமலே படித்துக் குறைகளைக் காட்டும் கருவிகளை) உருவாக்கிப் பராமரிக்கும் நண்பர்களுக்கு,

வணக்கம். உங்களில் பலர் சம்பளம் இல்லாமல், சொந்த நேரத்தைப் போட்டு இந்த வேலையைச் செய்கிறீர்கள். அந்த நன்றி மனதில் இருக்கவே ஒரு குறையைச் சொல்கிறேன்.

ஒரு மதிப்பைப் பல வடிவங்களோடு ஒப்பிட்டுக் கிளைபிரிக்கும் மேட்ச்-கேஸ் தொடரியல் பைத்தானுக்கு வந்தது 2021 அக்டோபரில், 3.10 பதிப்போடு. வேலைக்குப் புதிதாகச் சேர்ந்த ஒருவர் அதை வைத்து எழுதுகிறார். அவருடைய கணினியில் நிரல் ஒழுங்காக ஓடுகிறது. சோதனைக்கு அனுப்பினால் ஃப்ளேக்8 என்ற லின்டர் சிவப்பில் ஈ999 என்ற பிழைக் குறியீட்டைக் காட்டுகிறது: தொடரியல் பிழை, இன்ன வரி. அவர் கோலனைப் பார்க்கிறார், இடைவெளிகளை எண்ணுகிறார், பக்கத்தில் இருப்பவரைக் கேட்கிறார். கடைசியில் சரியாக இருந்ததை அழித்துவிட்டு இஃப்-எலிஃப் என்று மாற்றி எழுதிவிடுகிறார்.

அந்த வரியில் தவறே இல்லை. ஃப்ளேக்8 எந்தப் பைத்தானில் நிறுவப்பட்டிருக்கிறதோ அதைக் கொண்டுதான் கோப்பைப் படிக்கும். சோதனை சர்வரில் 3.9 இருந்தால் அதற்கு மேட்ச் தெரியாது, அவ்வளவுதான். இது ஆவணத்தில் இருக்கிறது என்பீர்கள். இருக்கிறது. ஆனால் சிவப்பு வரியைப் பார்த்துப் பதறுகிறவருக்கு அந்தப் பக்கத்தைத் தேட வேண்டும் என்றே தோன்றாது. கருவி குற்றம் சொல்வது அவருடைய நிரலை அல்லவா?

சொந்தமாகப் பார்சர் (நிரலின் தொடரமைப்பைப் பிரித்துப் படிக்கும் பகுதி) வைத்திருக்கும் கருவிகளின் சிரமம் வேறு. மேட்ச் என்பதை இன்றும் மாறிப் பெயராக வைக்கலாம். ஒரு சொல் மட்டும் முன்னால் பார்க்கும் பழைய பார்சரால் அது மாறியா, மேட்ச்-கேஸின் தொடக்கமா என்று பிரித்தறிய முடியாது. பைத்தானே 3.9இல் பார்சரை மாற்றிய பிறகுதான் இது சாத்தியமானது. அதனால் புதுத் தொடரியலை அன்றைக்கே ஏற்றுக்கொள்ளுங்கள் என்று நான் கேட்கவில்லை. செய்தியை மாற்றுங்கள் என்றுதான் கேட்கிறேன். 3.10க்கு உரிய தொடரியலைக் கண்டால் இலக்குப் பதிப்பைக் குறிப்பிடச் சொல்லும் குறிப்பை, நிரலின் வடிவத்தைச் சீராக்கும் பிளாக் கருவியின் குழுவினர் சேர்த்தார்கள். அந்த ஒரு வரி எத்தனையோ பேரின் மதியப் பொழுதைக் காப்பாற்றியிருக்கும்.

இன்னொரு சேதமும் உண்டு. ஈ999 வந்த கோப்பில் பயன்படாத இம்போர்ட், பெயர் வரையறுக்கப்படாத மாறி போன்ற உண்மையான குறைகள் சோதிக்கப்படுவதே இல்லை. அப்புறம் யாராவது பொறுமையிழந்து அந்தக் கோப்பை விலக்குப் பட்டியலில் போட்டுவிடுவார்கள். சர்வரில் பைத்தானைப் புதுப்பித்த பிறகும் அது அங்கேயே கிடக்கும்.

வெர்ஷன் கேட்டால் ஃப்ளேக்8 தன் பைத்தான் எண்ணையும் சேர்த்தே அச்சிடுகிறது. ஆக, தகவல் உங்கள் கையிலேயே இருக்கிறது. அதைப் பிழைச் செய்தியிலும் சேருங்கள்: “பைத்தான் 3.9 கொண்டு படித்தேன், 14ஆம் வரி புரியவில்லை. இந்த நிரல் இதைவிடப் புதிய பதிப்புக்கு எழுதப்பட்டதா?” இப்படிக் கேட்டால் போதும். படிப்பவர் நேராக சர்வரின் பதிப்பைப் பார்க்கப் போவார்.

அன்புடன்,
உங்கள் கருவிகளைத் தினமும் பயன்படுத்தும் ஒரு நிரலாளர்