சுவர் கழுவுவதற்கு முன்னால்

அன்புள்ள மாப்ளே,

உன் கடிதம் நேற்று வந்தது. பாப்பா கல்யாணம் தை மாதம் என்று படித்ததும் மனசு நிறைந்துவிட்டது, அவளைத் தோளில் தூக்கிக்கொண்டு புதுச்சேரி கடற்கரைச் சாலையில் நடந்தது போன வருஷம்தான் போல இருக்கிறது. அம்மா முழங்கால் வலி குறைந்திருக்கிறதா, அதைப் பற்றி நீ ஒரு வரிகூட எழுதவில்லை. நாங்கள் இங்கே திருவான்மியூரில் சௌக்கியம்.

ஆனால் இந்தக் கடிதத்தை இன்றைக்கே உட்கார்ந்து எழுதுவதற்குக் காரணம் நீ கடைசியில் போகிற போக்கில் எழுதியிருந்த விஷயம். முத்தியால்பேட்டை வீட்டுக்கு வெளிச்சுவர் எல்லாம் மிஷினில் தண்ணீரைப் பீய்ச்சிக் கழுவுகிற ஜெட் வாஷ் அடிக்க ஆள் பேசிவிட்டேன், ஐப்பசியில் வருகிறார்கள், அப்புறம் பெயிண்ட் என்று. அட்வான்ஸ் கொடுத்திருந்தாலும் பரவாயில்லை, கொஞ்சம் நிறுத்தி வை.

2022-இல் என் வீட்டுக்கும் இப்படித்தான் இரண்டு பையன்கள் மிஷினோடு வந்தார்கள். வடக்குச் சுவர் முழுக்கக் கருப்பாகப் பாசி, வெயில் அதிகம் படாத பக்கம், கடல் காற்றின் ஈரம் விடிய விடிய அதில்தான் உட்கார்ந்திருக்கும். ஊசி மாதிரி தண்ணீர் வருகிற நாசிலைப் போட்டுச் சுவரிலிருந்து ஒரு சாண் தூரத்தில் பிடித்து அடித்தார்கள். கருப்பு போகிற வேகத்தைப் பார்த்து எனக்கும் சந்தோஷமாகத்தான் இருந்தது. நம் கார் டயரில் இருப்பது ஏதோ 30 பிஎஸ்ஐ, அந்த மிஷின் 1500-க்கு மேல். சன்ஷேடுக்குக் கீழே முடி மாதிரி ஒரு விரிசல் இருந்தது, அதற்குள்ளேயும் அடித்தார்கள். போகாத கறைக்கு ஆசிட் வேறு. ஒரு மாதம் கழித்துப் படுக்கையறை உள்சுவரில் பெயிண்ட் கொப்புளம் கொப்புளமாகப் பொரிந்தது, விரலால் தொட்டால் உப்பு மாவாக உதிர்ந்தது. ஆசிட் ஊற்றிய இடத்தில் சிமெண்ட் அரித்துச் சொரசொரப்பாகி, அடுத்த மழையில் பாசி அங்கேதான் முதலில் பிடித்தது. அத்தனை பணமும் போனது மட்டும் இல்லை, பூச்சையே பெயர்த்துத் திரும்பப் பூச வேண்டி வந்தது.

போன மாசியில் வேறு ஒருவரைக் கூப்பிட்டேன், ஐம்பது வயது இருக்கும், பெயிண்டராக ஆரம்பித்து இந்த வேலைக்கு வந்தவர். வந்ததும் மிஷினை வண்டியிலிருந்து இறக்கவே இல்லை. ஸ்க்ரூ டிரைவரைத் திருப்பிப் பிடித்து அதன் கைப்பிடியால் சுவரை அடி அடியாகத் தட்டிக்கொண்டே வீட்டைச் சுற்றி வந்தார். டொக் டொக் என்று பொள்ளலாகக் கேட்ட இடத்தில் எல்லாம் சாக்பீஸால் வட்டம் போட்டார், அங்கே பூச்சு செங்கல்லை விட்டு விலகி நிற்கிறது என்று அர்த்தம், தண்ணீரின் வேகம் பட்டால் பாளமாகப் பெயர்ந்து விழுந்துவிடும். அப்புறம் எங்கள் போர் தண்ணீரைக் கையில் பிடித்து நாக்கில் வைத்துப் பார்த்துவிட்டு, "சார், இதுல கழுவினா உப்பை எடுத்துட்டு உப்பையே பூசின மாதிரி" என்றார். இத்தனை வருஷம் இந்த வீட்டில் இருந்தும் எனக்கு அது தோன்றவே இல்லை! லாரித் தண்ணீர் சொல்லி அனுப்பினோம். மிஷின் நிமிஷத்துக்கு ஏழெட்டு லிட்டர்தான் குடிக்கும், மூன்று மணி நேரம் ஓடினாலும் 1500 லிட்டருக்குள் முடிந்துவிடும், அதனால் தண்ணீர்ச் செலவைப் பார்த்துப் பயப்படாதே.

அவர் கழுவிய விதத்தையும் சொல்லிவிடுகிறேன், நீ பேசியிருக்கிற ஆளிடம் கேட்க உதவும். செம்பருத்திக்கும் துளசிக்கும் முதலில் நிறையத் தண்ணீர் ஊற்றி மூடினார், மீட்டர் பெட்டியைப் பாலிதீனால் கட்டினார். பிளீச்சிங் பவுடரைக் கரைத்துத் தெளியவிட்டு, மேலே நின்ற தெளிவை மட்டும் மருந்தடிக்கிற ஸ்ப்ரேயரில் ஊற்றிக் கீழிருந்து மேலாக அடித்தார். மேலிருந்து அடித்தால் காய்ந்த சுவரில் வழிந்து கோடு விழுமாம். கால் மணி நேரம், காயவிடாமல். கருப்பு மெதுவாகப் பழுப்பாகி வெளுத்தது, பாசி செத்துவிட்டது. பிறகு நைலான் பிரஷ், அதற்கும் பிறகுதான் மிஷின், விசிறி மாதிரி விரிகிற நாசிலில், வேகத்தைக் குறைத்து, மேலிருந்து கீழாக அலசல். ஜன்னல் கம்பிகளை இரண்டு முறை அலசினார், அந்தக் கரைசல் தங்கினால் துரு ஏறும். ஒன்று முக்கியம்: பிளீச்சிங் பவுடர் போட்ட இடத்தில் யாரும் ஆசிட் கொண்டு வரக் கூடாது. இரண்டும் கலந்தால் குளோரின் வாயு கிளம்பும், நெஞ்சை அடைத்துவிடும். அம்மா வீட்டில் இருப்பார்கள், கண்டிப்பாகச் சொல்லி வை.

உன் வீட்டுக்கு இன்னொரு கவலை இருக்கிறது. மாடி உன் அப்பா கட்டிய சிமெண்ட், கீழ்க்கட்டு தாத்தா காலத்துச் சுண்ணாம்புக் காரை. அந்தக் காரையில் மிஷினே வேண்டாம் மாப்ளே, பிரஷும் தண்ணீரும் போதும். எமல்ஷன் பெயிண்டும் வேண்டாம், சுவர் குடித்த ஈரத்தை வெளியே விடாமல் மூடிவிடும். பொங்கலுக்கு முன்னால் தாத்தா சுண்ணாம்புக் கல்லைப் பானையில் போட்டுத் தண்ணீர் ஊற்றுவாரே, அது தானாகவே கொதிப்பதைப் பார்க்க நீயும் நானும் பக்கத்தில் போக, வெள்ளையடிக்கிற மட்டையாலேயே விரட்டுவாரே. நீலம் கலந்து அவர் அடித்த அந்த வெள்ளைதான் அந்தச் சுவருக்கு மருந்து. சுண்ணாம்பின் காரத்தில் பாசி சட்டென்று பிடிக்காது, சுவரும் மூச்சு விடும். வருஷா வருஷம் அடிக்க வேண்டியிருக்கிறது என்று விட்டுவிட்டோம்.

இன்னும் ஒன்று. கொல்லைப்பக்கச் சுவரில் பச்சையாக ஒரு பட்டை இறங்குகிறது என்றாயே, அது ஏசி தண்ணீர்க் குழாய் ஒழுகுகிற கோடாக இருக்கும், இல்லையென்றால் சன்ஷேடு விளிம்பு. அடி விளிம்பில் ஒரு பள்ளக்கோடு இருந்தால் மழைத் தண்ணீர் அங்கேயே சொட்டிவிடும், அது அடைபட்டிருந்தால் சுவரோடு வழியும். 2024 நவம்பர் கடைசியில் ஃபெஞ்சல் புயல் உங்கள் ஊர்ப் பக்கம் கரையைக் கடந்தபோது கொட்டிய மழை எந்த வழியாக இறங்கியதோ அந்த வழியை அம்மா பார்த்திருப்பார்கள், கேள். அதைச் சரிசெய்யாமல் கழுவினால் அடுத்த கார்த்திகைக்குள் அதே பச்சை.

ஐப்பசியில் மழை பிடித்துவிடும், ஈரச் சுவரில் பெயிண்ட் நிற்காது. ஆவணியில் கழுவிவிடு, விரிசலை அடைத்து நன்றாகக் காயவிட்டுப் புரட்டாசிக்குள் பிரைமரும் பெயிண்டும் முடித்துவிடலாம். ஆவணி முதல் ஞாயிறு நான் வருகிறேன், என் ஆளும் வருவதாகச் சொல்லியிருக்கிறார், முழு வீட்டையும் தட்டிப் பார்த்துவிடுவோம். தங்கச்சியிடம் சுறாப்புட்டு செய்யச் சொல்.

அன்புடன்,
உன் பழைய பெஞ்சுக்காரன்