சின்னவனுக்கு அப்பா எழுதியது

மயிலாப்பூர், சென்னை.

சிரஞ்சீவி சின்னவனுக்கு அப்பா அநேக ஆசீர்வாதம். இங்கு யாவரும் நலம். உன் நலத்துக்கு எழுதவும்.

தீபாவளிக்கு ஒரு பெட்டியும் உன் பிறந்தநாளுக்கு ஒரு பெட்டியும் அனுப்பினேன். இரண்டும் புனேக்கு வந்து சேர்ந்துவிட்டதாகக் கூரியர் கடையில் சொன்னார்கள். உன்னிடமிருந்துதான் ஒரு வரியும் வரவில்லை. முதல் பெட்டியை அப்படியே ஆபீசில் கொடுத்துவிட்டாய் என்று உன் அம்மா வாய்தவறிச் சொல்லிவிட்டாள். அதனால் ஒன்றும் இல்லை, நாலு பேர் தின்பதற்குத்தானே செய்வது. ஆனால் மைசூர்பாகை ஃபிரிட்ஜில் வைத்தெடுத்துக் கொடுத்திருந்தால் கல்லாகிப் போயிருக்கும். அதுதான் நம் கடைச் சரக்கு என்று அவர்கள் நினைத்துவிடக் கூடாது. மூடிய டப்பாவில் வெளியிலேயே வை.

கடையில் புதிதாக ஒன்றும் இல்லை. இன்ன தேதிக்குள் உண்ணவேண்டும் என்று தட்டுக்குத் தட்டு அட்டை வைக்கும்படி 2020 அக்டோபரில் விதி வந்ததிலிருந்து, அந்த அட்டைகளை எழுதுவது என் வேலை. தேதியில் இதுவரை ஒரு பொய் எழுதவில்லை. மாஸ்டருக்குக் கண்புரை அறுவை ஆகியிருப்பதால் இந்த மாதம் வாணலியின் முன்னும் நானே நிற்கிறேன். பாகு கம்பிப் பதத்துக்கு வந்ததும் சலித்த கடலை மாவைத் தூவிக் கிளறி, பக்கத்து அடுப்பில் காயும் நெய்யைக் கரண்டி கரண்டியாக விட்டால்தான் அது பொங்கிக் கண் கண்ணாகப் பூக்கும் என்பதையும், நெய் ஆறியிருந்தால் பூக்காது என்பதையும் நீ ஒன்பதாம் வகுப்பிலேயே என்னைவிடத் தெளிவாக அறிந்திருந்தாய். பதம் பார்க்கத் தாத்தா உன் விரல்களைத்தான் கூப்பிடுவார், என்னைக் கூப்பிட்டதில்லை. பழைய வாடிக்கைக்காரர்களிடம் இதை இன்றும் சொல்லிக்கொள்கிறேன். அத்தனை தெரிந்தவன், அப்பா அனுப்பியது நன்றாக இருந்தது என்றோ இல்லை என்றோ ஒரு சொல் எழுதக் கூடாதா?

ஏன் எழுதுவதில்லை என்று தெரியாதவன் போல இவ்வளவும் எழுதிவிட்டேன். அக்காவின் கல்யாணக் கடன் கழுத்தை நெரித்த அந்தத் தீபாவளிக்கு, தாத்தா படுக்கையில் கிடந்தபோது, அவர் வைத்த 'சுத்த நெய்' பலகையின் கீழேயே பாதிக்குப் பாதி வனஸ்பதி கலந்து கிண்டினேன். வனஸ்பதி மேலண்ணத்தில் மெழுகு போல ஒட்டும். கல்லாவின் அருகில் நின்றிருந்த நீ ஒரு விள்ளலை வாயில் போட்டுவிட்டு, வாங்க வந்தவர்கள் காதில் விழும்படி, "அப்பா, இது ஒட்டுகிறதே" என்றாய். நான் உன்னை அறைந்தேன். அறையைக்கூட நீ மறந்திருக்கலாம். பையனுக்கு ஜலதோஷம், ருசி தெரியவில்லை என்று அவர்களிடம் சிரித்துக்கொண்டே சொன்னேனே, அதை மறந்திருக்கமாட்டாய். அதன் பிறகு நம் கடைப் பண்டம் எதையும் நீ வாயில் வைத்து நான் பார்த்ததில்லை. கடனுக்காகத்தான் செய்தேன் என்று உன் அம்மாவிடம் சொல்லியிருக்கிறேன். கடன் தையிலேயே அடைந்துவிட்டது; நான் நிறுத்தியது ஆவணியில். இது அவளுக்குத் தெரியாது.

ஞாயிற்றுக்கிழமை கிண்டியதில் ஒரு கிலோ இத்துடன் வருகிறது. கை தளர்ந்துவிட்டதால் இறக்கச் சற்றுத் தாமதமாகி, நடுவில் கூடுதலாகச் சிவந்திருக்கிறது. ஒரு துண்டு தின்றுவிட்டு, ஒட்டுகிறதா என்று எழுது. மிச்சத்தை ஆபீசுக்கே கொடு. ஃபிரிட்ஜில் மட்டும் வைக்காதே.

இப்படிக்கு,
அப்பா