தேடுன கடையே தப்பு

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

போன இதழ்ல மாங்கா, அதான் ஜப்பான் காமிக்ஸ், பத்தி வந்த கட்டுரைய படிச்சேன், நல்லாதான் ஆரம்பிச்சாரு, ஆனா மாங்காவுல வர்ற பொண்ணுங்க ஒரு பையனுக்காக அடிச்சுக்குவாங்க இல்லாட்டி ஓரமா நின்னு அழுவாங்க, அவங்களுக்குள்ள நட்புன்னு ஒண்ணு கெடையாதுங்கற மாதிரி முடிச்சிருந்தாரு பாருங்க, அதான் தாங்கல. அவரு சொன்ன உதாரணம் அத்தனையும் ஷோனென் ஜம்ப் கதைங்க. பசங்கள மனசுல வச்சு நடத்துற வாரப் பத்திரிகை அது. மளிகைக் கடையில போயி செருப்பு கேட்டுட்டு இந்த ஊர்ல செருப்பே கெடைக்காதுன்னு எழுதுனா எப்படிங்க?

ஜம்ப் மேல எனக்கும் கோவம் உண்டு, அத மறைக்கல. நட்பு, முயற்சி, வெற்றி, இந்த மூணுதான் அந்தப் பத்திரிகையோட தாரக மந்திரம்னு சொல்லுவாங்க, ஆனா அந்த நட்பு பசங்களுக்குதான் போல. நிஞ்ஜா பசங்க கதை நருட்டோவையே எடுத்துக்கோங்க. நெத்தி பெருசுன்னு எல்லாரும் கிண்டல் பண்ண சகுராவுக்கு ரிப்பன் குடுத்து, தலைய நிமித்தி நட அப்படின்னு தைரியம் சொன்னதே இனோதான். எவ்ளோ அழகான ஆரம்பம்! அத கொண்டு போயி, கூடப் படிக்கற பையன் சசுகே யாருக்குங்கற போட்டியில முட்ட விட்டாரு கதைய எழுதுன கிஷிமோடோ. சூனின் தேர்வுல (நிஞ்ஜாக்களுக்கான பதவி உயர்வுத் தேர்வு) ரெண்டு பேரும் மோதி, ஒரே நேரத்துல ரெண்டு பேரும் விழுந்து டிரா ஆகுற சண்டை எனக்கு ரொம்ப புடிக்கும், ஏன்னா அங்கதான் ரெண்டு பேரும் ஒருத்திய ஒருத்தி ஒழுங்கா பாக்குறாங்க. அதுக்கப்புறம் நருட்டோ, சசுகே நட்புக்கு எத்தன வால்யூம், இவங்களுக்கு எத்தன பக்கம்னு நீங்களே எண்ணிக்கோங்க. கடல் கொள்ளைக்காரங்க கதை ஒன் பீஸ்ல, கப்பல்ல கூட வர்ற நமிக்கு காய்ச்சல் முத்துனப்போ, தன்னோட நாடே பத்தி எரிஞ்சும் மொதல்ல டாக்டர தேடலாம்னு இளவரசி விவி முடிவெடுக்குற எடம் ஒண்ணு இருக்கு, அத மட்டும் அத எழுதுன ஓடாவுக்கு கணக்குல வச்சுக்கறேன்.

சரி, பொண்ணுங்க படிக்கற பத்திரிகை பக்கம் வாங்க. 2000ல குக்கி பத்திரிகையில அய் யசாவா ஆரம்பிச்ச "நானா". பனியில மாட்டி நின்னு போன டோக்கியோ ரயில்ல பக்கத்து பக்கத்து சீட்ல ரெண்டு பொண்ணுங்க, ரெண்டு பேருக்கும் நானான்னே பேரு, ரெண்டு பேருக்கும் இருவது வயசு. ஒருத்தி பங்க் பாட்டுக்காரி, இன்னொருத்தி காதலன நம்பி ஊர விட்டு கெளம்புனவ, அப்புறமா 707ங்கற நம்பரு போட்ட வீட்ட சேந்து வாடகைக்கு எடுக்கறாங்க. ஸ்ட்ராபெரி படம் போட்ட ரெண்டு டம்ளர ஜோடியா வாங்கி வைக்கறா ஹச்சி (காதலன நம்பி கெளம்புன நானாவுக்கு பாட்டுக்கார நானா வச்ச பேரு, நாய்க்குட்டி மாதிரி பின்னாடியே சுத்துறதால). பின்னாடி அதுல ஒண்ணு உடையும். படிச்சுட்டு அன்னிக்கு நைட்டு சாப்பிடவே புடிக்கல எனக்கு, நம்புங்க.

இதுல வர்ற காதல் எல்லாம் வரும் போகும், கர்ப்பம், கல்யாணம், பேண்டு, புகழ்னு ஏகப்பட்ட கலாட்டா நடக்கும், ஆனா கதைய சொல்றப்போ ஹச்சி கூப்பிட்டு பேசுறது எந்த ஆம்பளையையும் இல்ல, நானாவதான். வருஷம் கழிச்சு, காணாம போயிட்ட தோழிகிட்ட மனசுக்குள்ளயே பேசிக்கிட்டு இருக்கா. இதவிட இன்னொரு விஷயம், நானாவுக்கு ஹச்சி மேல ஒரு வெறி புடிச்ச உரிமை இருக்கு, இவ என்ன விட்டு போயிடக் கூடாதுங்கற பயம். அத யசாவா அழகுபடுத்தவும் இல்ல திட்டவும் இல்ல, நம்ம தோழிக்கு கல்யாணம் நிச்சயம் ஆனதும் சிரிச்சுக்கிட்டே உள்ளுக்குள்ள ஒண்ணு கடுக்கும்ல, அது அப்படியே இருக்கு. 2009ல யசாவாவுக்கு உடம்பு முடியாம போயி கதை பாதியில நின்னுச்சு, 21 வால்யூமோட. இன்னும் காத்துக்கிட்டு இருக்கோம்.

இன்னொண்ணு வாக்கா ஹிராகோவோட "மை புரோக்கன் மரிகோ", ஒரே வால்யூம்தான். ராமென் கடையில சாப்பிட்டுக்கிட்டு இருக்கறப்போ டிவி நியூஸ்ல தோழி மரிகோ செத்துட்டான்னு தெரிஞ்சுக்கறா ஷீனோ. சின்ன வயசுலேர்ந்து மரிகோவ அடிச்சு சித்ரவதை பண்ண அப்பன்கிட்ட அஸ்தி இருக்கக் கூடாதுன்னு நேரா அந்த வீட்டுக்குப் போயி, கத்திய காட்டி, அஸ்திய புடுங்கிக்கிட்டு பால்கனியில இருந்து குதிச்சுடுவா! சினிமாத்தனமா தெரியலாம். ஆனா என்ன உலுக்குனது அந்த சீன் இல்ல, அப்புறமா அவ பொலம்பறது. நாளாக நாளாக ஞாபகத்துல மரிகோ நல்லவளா மட்டும் ஆயிக்கிட்டே போறா, இருந்தப்போ எத்தனையோ தடவ இவ ஒரு தொல்லைன்னு நான் நெனச்சிருக்கேனேன்னு. இழவு வீட்டுல யாரும் வாய விட்டு சொல்லாத விஷயம் அது.

இந்த மாதிரி தீவிரமா எழுதுனா உடனே, இது காதலா நட்பான்னு ஒரு கேள்வி வரும், உங்க கட்டுரையிலயும் ஒரு வரி அப்படி இருந்துச்சு. ஜப்பான்ல இதுக்கு பழைய வேர் இருக்குங்க. 1916லயே யோஷியா நோபுகோங்கற எழுத்தாளர் பள்ளிக்கூடப் பொண்ணுங்களோட பாசத்த, பிரிவ வச்சு பொண்ணுங்க பத்திரிகையில தொடரா கதை எழுத ஆரம்பிச்சாங்க, ஷோஜோ மாங்கா (சின்னப் பொண்ணுங்களுக்கான மாங்கா) அந்தப் பத்திரிகை மரபுல இருந்துதான் வளந்துச்சு. சில கதை காதல்தான், அத காதல்னே சொல்லணும். சிலது ரெண்டுக்கும் நடுவுல நிக்கும், நிக்கட்டுமே, நமக்கு என்ன அவசரம்?

எல்லாமே அழுகைன்னு நெனச்சுடாதீங்க. கவோரி சுருடானி எழுதுன ஒரு கதையில 75 வயசு பாட்டியும் 17 வயசு ஸ்கூல் பொண்ணும் ஃபிரெண்ட்ஸ். வெயிலுக்கு ஏசி காத்து வாங்க புத்தகக் கடைக்குள்ள நுழைஞ்ச பாட்டி, அட்டைப்படம் அழகா இருக்கேன்னு ஒரு மாங்காவ எடுத்துடுவாங்க, வீட்டுக்கு வந்து பாத்தா ரெண்டு பசங்களோட காதல் கதை! புடிச்சுப் போச்சு. அத பேச ஆளு வேணுமே, கடையில பார்ட்டைம் வேல பாக்குற அந்தப் பொண்ணு கெடைக்கறா. அடுத்த வால்யூம் வர இவ்ளோ மாசம் ஆகும்னா கதை முடியறப்போ எனக்கு என்ன வயசு இருக்கும்னு பாட்டி கணக்கு போடுவாங்க பாருங்க, சிரிப்பும் வரும் தொண்டையும் அடைக்கும். இங்க பையன் யாரும் நடுவுல இல்ல, தியாகம் இல்ல, சேந்து ஒரு புத்தகத்தப் பத்தி பேசறாங்க, அவ்ளோதான்.

அதனால கட்டுரை எழுதுனவருக்கு நான் கேக்கறது ஒண்ணுதான், அடுத்த தடவ மாங்காவுல பொண்ணுங்கன்னு எழுதறதுக்கு முன்னாடி பொண்ணுங்க பொண்ணுங்களுக்காக எழுதுனதுல ரெண்டையாவது படிச்சுட்டு எழுதட்டும். முடிஞ்சா நீங்களும் ஷோஜோ, ஜோசேய் (வளந்த பொண்ணுங்களுக்கான மாங்கா) கதைங்களுக்குன்னு ஒரு தனிப் பக்கம் குடுங்க, எழுத ஆளு இல்லன்னு மட்டும் சொல்லிடாதீங்க, எங்க ஹாஸ்டல்லயே ஒரு பட்டாளம் இருக்கு.

இப்படிக்கு,
ஒரு வாசகி,
திருச்சி