பையைப் பார்க்கிறவர்கள் பாதையையும் பார்க்க வேண்டும்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். நான் முல்லைத்தீவு மாவட்டம் முள்ளியவளையில் வசிப்பவள். 31 வருடங்கள் வன்னிக்குள் குடும்பநல உத்தியோகத்தராக வேலை செய்து ஓய்வு பெற்றவள். சனங்களுக்கு விளங்கச் சொன்னால், மருத்துவமாது. பத்திரிகைக்கு இதுவரை கடிதம் எழுதியதில்லை. போன வருடம் ஒரு திருவிழா நெரிசலில் என் பேரனையும் இன்னொரு வீட்டுப் பிள்ளைத்தாச்சியையும் கண்ணுக்கு முன்னால் இழந்துவிடுவேனோ என்று பயந்த பயம் இன்னும் போகவில்லை. அதனால் எழுதுகிறேன்.

அது என் ஊர்க் கோயில் இல்லை. மகளைக் கட்டிக்கொடுத்த ஊர்ப்பக்கம். கோயில் பெயரை எழுத மாட்டேன், ஏனென்றால் இந்தக் குறை ஒரு கோயிலோடு நிற்பதில்லை. இரவுப் பூசைக்கு நான், மகள், ஆறு வயதுப் பேரன் மூவரும் போனோம். வளவுக்குள் போக ஒரே வாசல். வாசலில் இரும்புத் தடுப்புகள் வைத்து, ஆண்களுக்கு ஒரு வரிசை, பெண்களுக்கு ஒரு வரிசை, பைச் சோதனை. அந்தப் பாதையின் இரண்டு பக்கமும் கச்சான் கடைகள். பின்பக்கத்தில் இன்னொரு வழி இருக்கிறது, ஆனால் அதற்குக் குறுக்கே ஜெனரேற்றர் ஏற்றிய லொறி நின்றது. பூசை முடிந்து உள்ளே இருந்தவர்கள் வெளியே வரத் தொடங்கிய அதே நேரம், பஸ்களில் வந்து இறங்கிய சனம் உள்ளே போக நின்றது. இரண்டு கூட்டமும் அந்தத் தடுப்புகளுக்கிடையில் முட்டிக்கொண்டன.

என் கால் நிலத்தில் இருந்ததா இல்லையா என்று எனக்குத் தெரியாது. பேரனைத் தலைக்கு மேலே தூக்கி, முன்னால் நின்ற ஒரு தம்பியின் தோளில் ஏற்றிவிட்டேன். பக்கத்தில் நின்ற பெண்ணுக்கு ஏழு மாதம் இருக்கும். முகம் வெளுத்து, உதடு நீலம் பாய்ந்து, நின்ற நிலையிலேயே மயங்கினாள். விழுவதற்கும் இடமில்லை. அங்கே கடமையில் நின்ற பொலிஸ் தம்பிக்கு இருபத்திரண்டு வயது இருக்கும். தமிழில் அவருக்குத் தெரிந்தது “பின்னுக்குப் போங்க” மட்டும்தான். பின்னால் நின்றவர்களுக்கு அது கேட்கவில்லை, முன்னால் நின்றவர்களுக்குப் பின்னுக்குப் போக வழியில்லை. அவரும் பயந்துபோய் நின்றார். அவரில் எனக்குக் கோபமில்லை. ஒலிபெருக்கியில் நன்கொடை தந்தவர்களின் பெயர்கள் போய்க்கொண்டிருந்தன. கடைசியில் கச்சான் கடைப் பெடியன்கள்தான் ஓடிவந்து தடுப்பைக் கழற்றித் தூக்கினார்கள். அம்புலன்ஸ் பிரதான வீதியில் நின்றது, உள்ளே வரமுடியாதபடி மோட்டார் சைக்கிள்கள். அந்தப் பெண்ணை ஓட்டோவில் ஏற்றி அம்புலன்ஸ் வரை நானே கூடப் போனேன். தாயும் பிள்ளையும் இப்போது சுகமாக இருக்கிறார்கள்.

பிறகு ஒரு நாள் பகலில் போய் அந்த வாசலைக் காலடி வைத்து அளந்தேன். பத்தடி. வீட்டுக்கு வந்து கணக்குப் பார்த்தேன். ஒருவருடைய பையைத் திறந்து பார்க்க 10 செக்கன் என்று வையுங்கள். ஒரு வரிசையில் ஒரு நிமிடத்துக்கு 6 பேர். இரண்டு வரிசைக்கு 12 பேர், ஒரு மணித்தியாலத்துக்கு 720 பேர். 60 பேரோடு ஒரு பஸ் வந்தால் அதை உள்ளே விட 5 நிமிடம் வேண்டும். 20 பஸ் ஒன்றாக வந்தால் ஒரு மணி 40 நிமிடம். அதுவரை அந்த 1200 பேரும் எங்கே நிற்பார்கள்? இந்தக் கணக்கைப் போட எனக்கு ஒரு கொப்பித் தாளும் கால் மணித்தியாலமும் போதுமாக இருந்தது. திருவிழாவுக்கு முன்னால் யாராவது இதைப் போட்டுப் பார்த்தார்களா என்பதுதான் என் கேள்வி.

நெரிசலில் மிதிபட்டுத்தான் சாகிறார்கள் என்று பலர் நினைக்கிறார்கள். பெரும்பாலும் அப்படியில்லை. நெஞ்சுக்கூடு விரிய இடமில்லாமல், நின்றபடியே மூச்சு முட்டிச் சாகிறார்கள். வீட்டில் ஆறடிக்கு நாலடிப் பாய் ஒன்று இருந்தால் விரித்துப் பாருங்கள். ஏறக்குறைய 2 சதுர மீற்றர். அதில் எட்டுப் பேர் நிற்கலாம். பத்தைத் தாண்டினால் ஆபத்து தொடங்குகிறது. பன்னிரண்டு, பதினாலு பேர் ஆகிவிட்டால் யாரும் தன் உடம்பைத் தான் நடத்த முடியாது, அலைபோலக் கூட்டம் கொண்டுபோன பக்கம் போகவேண்டியதுதான். குழந்தைகளும் கர்ப்பிணிகளும் வயதானவர்களும்தான் முதலில் களைத்து விழுவார்கள்.

2025 செப்டெம்பர் 27ஆம் திகதி தமிழ்நாட்டில் கரூரில் ஓர் அரசியல் கூட்ட நெரிசலில் 41 பேர் போனதை நாங்கள் எல்லோரும் தொலைக்காட்சியில் பார்த்து அழுதோம். மணிக்கணக்காக வெயிலில் காத்து நின்ற கூட்டம் அது, பிள்ளைகளும் அதில் இருந்தார்கள். அதற்கு மூன்று வருடம் முன்னர், 2022 ஒக்டோபர் 29 இரவு, தென்கொரியாவின் சியோலில் இதேவொன் என்ற இடத்தில் ஓர் ஒழுங்கைக்குள் ஏற்பட்ட நெரிசலால் 159 பேர் இறந்தார்கள். பெரும்பாலும் இளம் பிள்ளைகள். அந்த ஒழுங்கையின் ஒடுங்கிய இடம் 3 மீற்றர் சொச்சம், நான் அளந்த வாசலின் அளவுதான். மாலை 6.34இலிருந்து பொலிஸுக்கு 11 அழைப்புகள் எடுத்து, நெரிசல் கூடுகிறது என்று சொல்லியிருக்கிறார்கள். உயிர்கள் போகத் தொடங்கியது இரவு 10.15 அளவில். இடையில் மூன்றரை மணித்தியாலத்துக்கு மேல் இருந்தது. அந்தக் கூட்டத்துக்கு ஏற்பாட்டாளர் என்று ஒருவரும் இல்லாததால் அதற்கென்று ஒரு திட்டமும் இருக்கவில்லை.

இதைப் படித்தபோது எனக்கு இங்கே கிடைத்த பதில்கள்தான் நினைவுக்கு வந்தன. திருவிழா முடிந்த கிழமை மூன்று இடத்துக்குப் போய் விசாரித்தேன். வளவு மட்டும்தான் தங்கள் பொறுப்பு என்றார்கள் ஓரிடத்தில். வீதியும் கடை அனுமதியும்தான் தங்களுடையவை என்றார்கள் இன்னோரிடத்தில். மூன்றாவது இடத்தில், பாதுகாப்புக்கு இத்தனை பேரைப் போட்டோம் என்று எண்ணிக்கை சொன்னார்கள். வாசலுக்கு வெளியே நூறு மீற்றரில் நிற்கிற சனம் யாருடைய பொறுப்பு என்று கேட்டேன். மூன்று இடத்திலும் அதற்குப் பதில் இருக்கவில்லை.

பைச் சோதனை வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. 2019 ஏப்ரல் 21 உயிர்த்த ஞாயிறன்று கொச்சிக்கடையிலும் கட்டுவாப்பிட்டியிலும் மட்டக்களப்பிலும் தேவாலயங்களில் குண்டு வெடித்ததையும், கொழும்பு ஹோட்டல்களில் வெடித்ததையும் யார் மறக்க முடியும்? 260க்கும் மேற்பட்ட உயிர்கள். ஆனால் அந்த நாளில் குறைவாக இருந்தது பை பார்க்கிற ஆள் இல்லை. ஏப்ரல் 4ஆம் திகதியே வெளிநாட்டுப் புலனாய்விலிருந்து எச்சரிக்கை வந்திருந்தது. வந்த செய்தி மேசைகளில் தங்கியது, பூசைக்குப் போன சனத்துக்கு வந்து சேரவில்லை. 2023 ஜனவரி 12இல் உயர் நீதிமன்றம் முன்னாள் ஜனாதிபதி மைத்திரிபால சிறிசேன 10 கோடி ரூபா நட்டஈடு கட்ட வேண்டும் என்று தீர்ப்புச் சொன்னது இதற்காகத்தான்.

வன்னிச் சனத்துக்கு “பாதுகாப்பு” என்ற சொல்லோடு ஒரு தனிக் கணக்கு இருக்கிறது, அதையும் எழுதியே ஆக வேண்டும். 2009இல் இறுதி யுத்தத்தின்போது பாதுகாப்பு வலயம் என்று அறிவித்த இடத்துக்குத்தான் நாங்கள் பிள்ளைகளையும் தூக்கிக்கொண்டு ஓடினோம். அங்கே என் கையில் பிறந்த குழந்தைகளும் உண்டு, என் கையிலேயே போன உயிர்களும் உண்டு. அதனால் சீருடையும் தடுப்பும் கூடக் கூட எங்களுக்கு நிம்மதி கூடுவதில்லை, நெஞ்சு இடிப்புத்தான் கூடுகிறது. யுத்தத்தில் இறந்தவர்களை நினைவுகூர மே 18இல் முள்ளிவாய்க்காலுக்கு வருகிற தாய்மாரைப் பாருங்கள். படம் எடுக்கப்படுகிறோமா, பெயர் எழுதப்படுகிறதா என்றுதான் முதலில் பார்ப்பார்கள். அந்த வெயிலில் அவர்களுக்குத் தேவை நிழலும் தண்ணீரும், மயங்கினால் தூக்கிப்போக ஒரு வாகனமும். அங்கே போகிற வழியில் உள்ள வட்டுவாகல் பாலத்தில் ஒரு வாகனம் வந்தால் எதிரே வருவது காத்து நின்றதுதான் இத்தனை வருடமும் எங்கள் அனுபவம். அந்த நாளில் அம்புலன்ஸை எந்தப் பக்கத்தில் நிறுத்துவது என்பதை ஊர்ச் சனத்திடம் கேட்டால் உடனே சொல்லிவிடுவார்கள்.

வற்றாப்பளைக் கண்ணகை அம்மன் பொங்கலையும் மடு மாதா திருவிழாவையும் எடுத்துக்கொள்ளுங்கள். வைகாசிப் பொங்கலுக்கு முள்ளியவளை காட்டா விநாயகர் கோயிலடியிலிருந்து இரவிரவாக நடந்து போகிறவர்கள், காவடியோடு வருகிறவர்கள், யாழ்ப்பாணம், வவுனியா, திருகோணமலைப் பஸ்களில் வருகிறவர்கள் என்று நந்திக்கடல் கரை நிறைந்துவிடும். மடுவில் ஒகஸ்ட் 15க்கு நாடு முழுவதிலுமிருந்து, தமிழரும் சிங்களவரும் சேர்ந்து, லட்சக்கணக்கில் வருவார்கள். காட்டுக்குள் கூடாரம் அடித்து நாள்கணக்கில் தங்குவார்கள். இவற்றுக்கெல்லாம் கச்சேரியில், அதாவது மாவட்டச் செயலகத்தில், முன்னேற்பாட்டுக் கூட்டம் நடக்கிறது. அரசாங்க அதிபர், பொலிஸ், இராணுவம், சுகாதாரப் பகுதி, மின்சார சபை, இலங்கைப் போக்குவரத்துச் சபை எல்லோரும் இருக்கிறார்கள். தண்ணீர், மலசலகூடம், பஸ் என்று பலதும் அங்கே நன்றாகவே தீர்மானிக்கப்படுகின்றன, அதற்கு நன்றி சொல்ல வேண்டும். ஆனால் வளவின் படத்தை மேசையில் விரித்து, இந்த இடத்தில் எத்தனை பேர் நிற்கலாம், நிறைந்துவிட்டால் பஸ்களை எங்கே மறிப்பது என்று பேசப்பட்டதாக நான் ஒரு செய்தியிலும் படித்ததில்லை.

பெரிய நாடுகள் பணத்தால்தான் இதைச் செய்கின்றன என்று சொல்லக்கூடும். பாரிஸில் 2024 ஒலிம்பிக் தொடக்க விழாவுக்கு 45,000 பொலிஸார் நின்றது உண்மை. ஆனால் அதற்கு முன்னால் அவர்கள் செய்த ஒரு வேலைக்குப் பணம் தேவைப்படவில்லை. ஆற்றங்கரையில் 6 லட்சம் பேர் என்று முதலில் பேசியதை 3 லட்சத்து 20 ஆயிரம் அளவுக்குக் குறைத்தார்கள். எங்கள் நாட்டில் 2025 ஏப்ரலில் கண்டியில் புனித தந்த தாதுக் கண்காட்சி 16 வருடங்களுக்குப் பிறகு நடந்தபோது, சனம் நிரம்பி வழிந்து, இனிக் கண்டிக்கு வர வேண்டாம் என்று பொலிஸார் கேட்கும் நிலை வந்தது. அப்படிச் சொன்னது சரியான செயல்தான். முதல் நாளுக்கு முன்னரே கணக்குப் பார்த்துச் சொல்லியிருந்தால் பால்குடிப் பிள்ளைகளோடு வரிசையில் நின்றவர்கள் அவ்வளவு கஷ்டப்பட்டிருக்க மாட்டார்கள்.

ஆகவே நான் கேட்பது இதுதான். உள்ளே போகிற வழியும் வெளியே வருகிற வழியும் வேறு வேறாக இருக்கட்டும். ஜெனரேற்றர் லொறியோ ஐஸ்கிறீம் வானோ இரண்டாவது வழியை அடைக்க விடாதீர்கள். 1990 என்ற இலக்கத்துக்கு அழைத்தால் வருகிற அம்புலன்ஸ் வாசல்வரை வர ஒரு பாதையைக் கயிறு கட்டியாவது வெறுமையாக வைத்திருங்கள். ஒலிபெருக்கிக்குப் பக்கத்தில் பொறுப்பான ஒருவர் இருந்து, நெரிசல் கூடினால் எல்லாவற்றையும் நிறுத்தித் தமிழிலும் சிங்களத்திலும் சொல்லட்டும். தமிழ் தெரிந்த பொலிஸாரை வாசலில் நிறுத்துங்கள், அவர்களோடு ஊர் இளைஞர்களையும் சாரணர்களையும் விடுங்கள். எந்த வழியால் போவது, எந்த வழியால் வருவது என்ற படம் ஒரு கிழமை முன்னரே உங்கள் பத்திரிகையில் வரட்டும். அப்புறம், திருவிழா முடிந்ததும் எல்லோரும் இன்னொரு தடவை கூடி, எங்கே பிசகியது என்று பேச வேண்டும். இப்போது கொடியிறங்கியதும் எல்லோரும் வீட்டுக்குப் போய்விடுகிறோம்.

மகளின் ஊர்க் கோயிலுக்கு இந்த வருட முன்னேற்பாட்டுக் கூட்டம் அடுத்த மாதம் என்று கேள்விப்பட்டேன். அந்த வளவை, இரண்டு வழிகளையும் கடைகள் நிற்கிற இடத்தையும் அடிக்கணக்கோடு கொப்பியில் வரைந்து வைத்திருக்கிறேன். அன்றைக்குத் தடுப்பைத் தூக்கிய கச்சான் கடைப் பெடியன்களில் இருவர் என்னோடு வரச் சம்மதித்திருக்கிறார்கள். எங்கள் மூன்று பேருக்கும் அந்தக் கூட்டத்தில் பத்து நிமிடம் தரும்படி சம்பந்தப்பட்ட அதிகாரிகளை உங்கள் பத்திரிகை மூலம் கேட்டுக்கொள்கிறேன்.

இங்ஙனம்,
ஓய்வுபெற்ற குடும்பநல உத்தியோகத்தர்,
முள்ளியவளை.