ஸ்கேக்வே பற்றி அப்பா எழுதுவது

குன்னூர்

அன்பு மகளுக்கு,

நலம், நலமறிய ஆவல். பயண அலுப்பு தீர்ந்து அம்மாவும் நானும் சுகமாக இருக்கிறோம். அமெரிக்காவின் அலாஸ்கா பக்கம் கப்பலில் போன இடங்களில் எது பிடித்தது என்று போனில் கேட்டாய். அம்மா பனிப்பாறை என்றாள். நான் ஸ்கேக்வே என்றதும், "அங்கே வெறும் நகைக்கடைகள்தானே அப்பா" என்று சிரித்தாய். போனில் சொல்லி முடிகிற விஷயம் இல்லை, கண்ணு. அதனால்தான் எழுதுகிறேன்.

மலைகளுக்கு நடுவே கடல் ஒடுங்கி உள்ளே புகுந்து, மேலே போக வழியில்லாமல் நின்றுவிடுகிற இடத்தில் இருக்கிறது அந்த ஊர். ஆண்டு முழுவதும் அங்கேயே வசிப்பவர்கள் சுமார் 1,200 பேர். கோடையில் சில நாட்களில் 10,000 பேருக்கு மேல் கப்பல்களிலிருந்து இறங்குகிறார்கள். நீ சொன்ன நகைக்கடைகள் இருக்கத்தான் செய்கின்றன. ஆனால் பலகை பாவிய நடைபாதையில் கொஞ்ச தூரம் நடந்தால், கடலில் ஒதுங்கிய மரத்துண்டுகளை எட்டாயிரத்துக்கும் மேல் பொறுக்கி முன்சுவர் முழுக்க அடித்து வைத்த பழைய மன்றம் ஒன்று நிற்கிறது. அம்மா அதன் எதிரே நின்று, ஒரு துண்டுபோல் இன்னொன்று இல்லை என்று பார்த்துக்கொண்டே இருந்தாள்.

பெஞ்சில் உட்கார்ந்திருந்த உள்ளூர்ப் பெரியவரிடம் பேச்சுக் கொடுத்தேன். குளிர்காலத்தில் பெரும்பாலான கடைகள் பூட்டிக்கிடக்குமாம். பெரிய அளவில் சாமான் வாங்க எல்லை தாண்டி, கனடாவில் இருக்கும் ஒயிட்ஹார்ஸ் வரை கார் ஓட்டிப் போவார்களாம். ஒரு வழிக்கே 170 கிலோமீட்டருக்கு மேல். எதற்கெடுத்தாலும் கோவைக்கு இறங்குகிற நமக்கு அது புரியாதா? உங்கள் ஊர் எது என்று அவரும் கேட்டார். மலை ரயில் ஊர் என்றேன். உடனே நகர்ந்து உட்கார்ந்து எனக்கு இடம் விட்டார்.

ரயிலைப் பற்றித்தான் எழுத வந்தேன். 1897-இல் எல்லைக்கு அந்தப்புறம் கனடாவின் கிளாண்டைக் பக்கம் தங்கம் என்ற செய்தி பரவியதும் ஆயிரக்கணக்கானவர்கள் இந்தத் துறையில் வந்து இறங்கியிருக்கிறார்கள். ஓர் ஆண்டுக்கு வேண்டிய உணவும் சாமானும் கையில் இல்லாதவர்களைக் கனடா போலீஸ் உள்ளே விடவில்லை. ஏறக்குறைய ஒரு டன் எடை! அதைச் சுமந்து கணவாய் ஏறியதில் 3,000 குதிரைகள் வரை செத்தன என்கிறார்கள். ஏறியவர்களிலும் பெரும்பாலோருக்குத் தங்கம் கிடைக்கவில்லை. நம் தேவாலா, பந்தலூர் பக்கம் 1880 வாக்கில் லண்டன் கம்பெனிகள் தங்கம் தேடிக் கைவிட்ட கதை உனக்குத் தெரியும்.

அந்தக் கணவாயில் போட்ட தண்டவாளம் 1899 பிப்ரவரியில் உச்சியைத் தொட்டது. அதே ஆண்டு ஜூனில்தான் மேட்டுப்பாளையத்திலிருந்து குன்னூருக்கு நம் வண்டி வந்தது. லோகோ ஷெட்டில் வேலை பார்த்தவனுக்கு இதைக் கேட்டதும் எப்படி இருந்திருக்கும், யோசித்துப் பார். நம் பாதையில் இருப்பதுபோல் அங்கே பற்சக்கரம் கிடையாது. சுமார் 26 அடி போனால் ஓர் அடி ஏற்றம். நமக்கு 12 அடிக்கே ஓர் அடி. நம் என்ஜின் எப்போதும் பள்ளத்துப் பக்கம் நிற்கும். ஏறும்போது தள்ளும், இறங்கும்போது தாங்கும். அவர்களுடைய என்ஜின்கள் முன்னால் நின்று இழுக்கின்றன. அதனால் உச்சியில் என்ஜின்களைக் கழற்றி மறுமுனைக்குக் கொண்டுபோய் மாட்டினார்கள். அந்த நேரத்தில் எல்லோரும் எழுந்து, இருக்கைகளின் சாய்மானத்தைப் புரட்டிப் போட்டு, வலப்பக்கம் இருந்தவர்கள் இடப்பக்கம் மாறி உட்கார்ந்தோம். ஏறும்போது பாறையை மட்டும் பார்த்தவர்களுக்கு இறங்கும்போது பள்ளத்தாக்கு. இந்த ஏற்பாடு எனக்கு மிகவும் பிடித்தது.

போகும் வழியில் ஒரு பாறைமேல் கறுப்புச் சிலுவை நட்டிருக்கிறது. 1898 ஆகஸ்டில் வெடி வைத்தபோது நூறு டன் எடையுள்ள கல் சரிந்து தொழிலாளர் இருவரை மூடிவிட்டது. கல்லைப் புரட்ட முடியவில்லை. அதுவே அவர்களுக்குச் சமாதி. அதைக் கடக்கும்போது நான் எழுந்து நின்றேன். என் தாத்தா ஹில்குரோவில் கேங்மேனாக இருந்தவர். நம் பாதைக்குப் பாறை உடைத்துச் செத்தவர்களைப் பற்றிச் சொல்வார். அவர்களுக்கென்று ஒரு கல்லையும் நான் பார்த்ததில்லை. வைக்க வேண்டும். சங்கத்து ஆட்களிடம் பேச ஆரம்பித்திருக்கிறேன்.

கூட்டம் தொல்லை என்று நீ சொல்வதும் சரிதான். பக்கத்து ஜூனோவில் 2024 முதல் நாளொன்றுக்கு ஐந்து பெரிய கப்பல்கள் என்று வரம்பு வைத்திருக்கிறார்கள். நம் நீலகிரிக்கு வரும் வெளியூர் வண்டிகளுக்கும் அதே ஆண்டு மே மாதம் இ-பாஸ் வந்தது. ஆனால் 1982-இல் நின்றுபோன அந்த ரயிலை 1988-இல் திரும்ப ஓட வைத்தது சுற்றுலாக் கூட்டம்தான். சில மணி நேரம் பார்த்துவிட்டுப் போகிறவர்கள் நம் ஸ்டேஷனில் இறங்குவதை வேலைக்காலம் முழுக்கப் பார்த்தவன் நான். அவர்களில் ஒருவர் ஷெட் பக்கம் வந்து என்ஜினைப் பற்றி ஒரு கேள்வி கேட்டால் அன்றைக்கு முழுவதும் மனது நிறைந்திருக்கும். ஸ்கேக்வேயில் நான் அப்படிக் கேட்கிற ஆளாக இருந்தேன். அதற்கு வழி செய்தவள் நீ.

அடுத்த முறை அந்தப் பக்கம் போனால் கப்பலிலேயே இருந்துவிடாதே. பேரனையும் மாப்பிள்ளையையும் அந்த வண்டியில் ஏற்று. அதற்கு முன்னால் நம் வண்டியில் அவனை நான் ஏற்ற வேண்டும். மே மாதம் வராதே, சீசன் கூட்டம். நவம்பர், டிசம்பரும் வேண்டாம். மழையில் மண் சரிந்தால் வண்டியை ரத்து செய்துவிடுவார்கள். ஜனவரி கடைசியில் வா. முன்பதிவு 60 நாட்களுக்கு முன்புதான் திறக்கிறது, திறந்ததும் தீர்ந்துவிடுகிறது. ஆகவே தேதியை நவம்பர் பிறக்கும் முன் சொல்லிவிடு.

அன்புடன்,
அப்பா