தூரம் ஒன்றுதான், நேரம் இரண்டு

ஆசிரியருக்கு வணக்கம்.

சென்ற இதழின் பயணப் பக்கத்தில் பெருநகரங்களுக்கு இடையிலான தூரத்தையும் விமான நேரத்தையும் அட்டவணையாகப் போட்டிருந்தீர்கள். லண்டன் - நியூயார்க்: 5,550 கி.மீ., 6 மணி 10 நிமிடம். எங்கேயோ இடிக்கிறதே என்று கணக்குப் போட்டுப் பார்த்தேன். தூரத்தை மணிக்கு 900 கி.மீ. வேகத்தால் வகுத்திருக்கிறீர்கள், அவ்வளவுதான். பள்ளிக்கூடத்தில் முழு மதிப்பெண் கிடைக்கும். இதை நம்பி அடுத்த விமானத்துக்கு டிக்கெட் எடுத்தவர் பாடு திண்டாட்டம்தான்.

அந்தத் தடத்தில் போவதற்குச் சுமார் எட்டு மணி நேரம், திரும்புவதற்கு ஏழு. பத்துக் கிலோமீட்டர் உயரத்தில் மேற்கிலிருந்து கிழக்காக வீசும் ஜெட் காற்று செய்கிற வேலை இது. இருக்கைக்கு முன்னால் இருக்கும் திரையில் நானே பார்த்தேன்: போகும்போது தரைவேகம் 780-ஐத் தாண்ட மறுத்தது, திரும்புகையில் 1,080-ஐத் தொட்டது. 2020 பிப்ரவரியில், புயல் நாளொன்றில், நியூயார்க்கில் கிளம்பிய பயணிகள் விமானம் 4 மணி 56 நிமிடத்தில் லண்டனில் இறங்கிவிட்டது. விமானி ஒன்றும் விரட்டவில்லை, காற்றுதான் பின்னால் நின்று தள்ளியது.

தூரமாவது நிலையானதா என்றால், அதுவும் வரைபடத்தோடு சரி. வீட்டில் உருண்டை உலகம் இருந்தால் டோக்கியோவில் ஒரு நூலை வைத்து நியூயார்க் வரை இறுக்கிப் பிடித்துப் பாருங்கள். நூல் அலாஸ்கா மேலே ஏறிப் போகும். குறுக்கு வழி அதுதான். ஆனால் வானத்தில் எல்லா வழியும் திறந்திருப்பதில்லை. 2022-இல் ரஷ்ய வான்வெளி மூடப்பட்டதும், ஒன்பதரை மணி நேரத்துக்குள் முடிந்துகொண்டிருந்த ஹெல்சின்கி - டோக்கியோ பயணம் பதின்மூன்று மணி நேரத்தை ஒட்டிப் போய்விட்டது. ஊர் இரண்டும் இருந்த இடத்திலேதான் இருக்கின்றன.

அப்புறம், டிக்கெட்டில் இருப்பது பறக்கும் நேரம் மட்டுமல்ல. விமானம் கேட்டைவிட்டு நகர்வதிலிருந்து இன்னொரு கேட்டில் வந்து நிற்பது வரை எல்லாம் அதில் சேர்த்தி. ஓடுபாதைக்காக வரிசையில் காத்துக் கிடப்பதும்தான்.

டிக்கெட்டில் அந்தந்த ஊர் மணிதான் போட்டிருக்கும் என்பதையும் ஒரு வரி சேர்த்திருக்கலாம். லண்டனில் காலை 11-க்குப் புறப்பாடு, நியூயார்க்கில் பிற்பகல் 2-க்கு வருகை என்று பார்த்துவிட்டு, ‘மூணு மணி நேரம்தானே, இறங்கிச் சாப்பிட்டுக்கொள்ளலாம்’ என்று வெறும் வயிற்றோடு ஏறியவன் நான். இடையில் ஐந்து மணி நேர வித்தியாசம் ஒளிந்திருந்தது எட்டாவது மணி நேரத்தில்தான் உறைத்தது!

அடுத்த முறை அட்டவணை போடும்போது ‘போக’, ‘வர’ என்று இரண்டு கட்டம் வையுங்கள். நேரத்தை வகுத்துப் போடாமல், ஓடிக்கொண்டிருக்கும் விமானங்களின் கால அட்டவணையிலிருந்து எடுத்துப் போடுங்கள்.

இப்படிக்கு,
ஒரு நெடுநாள் வாசகன்